காக்க வைத்த தண்ணீர்

தையல்காரர் குனிந்து அவள் காதருகே வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று எண்ணி, அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, எங்க வீட்ல ரெண்டேகால் இஞ்ச்.”

“என்னது?”

“மழைக்கா. விடிஞ்சதுலேர்ந்து இப்ப விட்டது வரைக்கும். டேப்பை விட்டு அளந்துட்டுத்தான் வர்றேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் எந்த வீட்டில், யார் தலைமாட்டில் நின்று அதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. குளிர்பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் படுத்திருந்தவரைப் பார்த்தார். “பழக்கமாயிடுச்சுக்கா” என்னும்போதே குரல் உடைந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. விடிவதற்குச் சற்று முன் கணவரின் மூச்சு நின்றது. அது நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. ‘இருந்து பாத்துட்டுப் போயிருக்கலாம் மனுஷன்’ என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அது வெறும் ஆறுதல் பேச்சில்லை. இந்த ஊரில் அவரை அறிந்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான். வேலையில் இருந்தவரை வீடுகளுக்குள் செலவாவதைக் கணக்கெடுத்தார். ஓய்வு பெற்றபின் வீடுகளின் மேல் வந்து விழுவதைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். வாய் முதல் அடிவரை ஒரே அகலமான பால்பவுடர் டப்பாக்களாகப் பார்த்துச் சேர்த்தார். டப்பா அகலமோ குறுகலோ அதைப்பற்றிக் கவலையில்லை; பக்கங்கள் நேராக இருந்தால் போதும், உள்ளே நிற்கிற உயரம்தான் வானத்திலிருந்து விழுந்த உயரம். ஊர் ஓடையின் தலை முதல் வால் வரை தெருவுக்கு ஒருவராகப் பிடித்து, ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். மழை பெய்தால் அளந்து அவருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“இதுக்கு பில் யாருக்கு அனுப்பப்போறீங்க?” என்று அவள் அப்போது கேட்டாள்.

“ஓடைக்கு” என்றார். “அது தவணையில கட்டும்.”

இப்போது டீச்சர் வந்தாள். காலனியில் குடியிருக்கிறவள், கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மீட்டர்காரரின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்றதா வேணாமான்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். சொல்லாம போனா ராத்திரி தூக்கம் வராது.”

“சொல்லுங்க டீச்சர்.”

“எழுபது மில்லிமீட்டர். நான் டப்பா வெச்சதுலேர்ந்து இது மாதிரி பாத்ததில்ல.”

அடுத்து கணவரின் கைபேசி அடித்தது. அதை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை; காலையிலிருந்து அவள் மடியில்தான் கிடந்தது. மேட்டில் செடி நர்சரி வைத்திருக்கிறவர் பேசினார். பாதையெல்லாம் தண்ணீர் ஓடுகிறது, இறங்கி வர வழியில்லை என்றார். அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “டப்பா வழிஞ்சிருச்சுக்கா, எவ்வளவுன்னு என்கிட்ட கேக்காதீங்க” என்றார்.

அவள் கேட்கவில்லை. ஆனால் கணக்கு தானாக உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது. உலைக்கு அரிசி போடும்போது கை தானாக அளப்பதில்லையா, அதுபோல.

இத்தனைக்கும் அவருடைய ஓடைப் பேச்சில் அவளுக்கு ஈடுபாடு கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் மேசைமேல் கிடக்கிற ரெக்ஸின் விரிப்பைக் கசக்கி, மேடும் பள்ளமுமாக விட்டு, தம்ளரிலிருந்து தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். “இங்க பாரு, மடிப்போட முகட்டுல விழற துளி இந்தப் பக்கம் சரிஞ்சா நம்ம ஓடை. அந்தப் பக்கம் சரிஞ்சா யாரோ ஒருத்தரோட ஓடை. இந்த முகட்டுக்குள்ள விழற எல்லாமே கடைசில ஒரே வாசல் வழியாத்தான் வெளிய போகணும்.” விரிப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டும். “அந்த வாசலைத் துடைக்கிறது நான்” என்று அவள் துணியோடு வருவாள். அப்படித் துடைத்துத் துடைத்தே அவளுக்கு அந்த ஓடை முழுசும் மனப்பாடமாகியிருந்தது.

ஓடைக்கு மூன்று தலை. முதலாவது வடக்கே பாறைமேடு. மண்ணே இல்லாத மொட்டைப் பாறை, குடிக்காமல் அப்படியே வழியவிட்டுவிடும். அதன் தண்ணீர்தான் முதலில் வந்து சேரும். இரண்டாவது டீச்சர் வீட்டுக் காலனி. சிமெண்டுக் கூரை, சிமெண்டுத் தெரு. அதன் தண்ணீர் பாறையின் பின்னாலேயே வரும். மூன்றாவது நர்சரிக்குக் கீழே கிடக்கிற சதுப்பு. கோரையும் நாணலுமாக ஒரு காலத்தில் பஞ்சுபோல் தண்ணீரை வாங்கி, பல நாள் வைத்திருந்து, சிறுகச் சிறுக விட்டுக்கொண்டிருந்த இடம். யாரோ பழைய நிலக்காரர் அதைக் காயவைத்து எதையோ பயிரிட எண்ணி நடுவே நேராக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து சதுப்பும் பாறையைப் போலவே அவசரப்பட ஆரம்பித்தது. மூன்று தண்ணீரும் பழைய பாலத்துக்குச் சற்று முன்னால் சந்திக்கும் இடத்தில் ஒரே நேரத்தில் வந்து மோதினால் ஓடை ஏறும். மழை விட்டு, வெயிலடித்து, ஊர் துணி காயப்போடுகிற நேரம் பார்த்து ஏறும்.

வெளியே இப்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் குடையை மடக்கிவிட்டு, ‘நல்லவருக்கு வானமே வழி விட்டுருச்சு’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். கொழுந்தனார் அங்கே கைபேசியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

“தம்பி, வண்டியை எப்ப வரச் சொல்லியிருக்கீங்க?”

“சாயந்திரம் அண்ணி. பய அதுக்குள்ள வந்துருவான். மலைப்பாதையில மரம் விழுந்து பஸ் நிக்குதாம். அறுத்துக்கிட்டு இருக்காங்களாம்.”

“இப்பவே வரச் சொல்லுங்க.”

அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். “இப்பவேன்னா?”

“வண்டி வந்ததும் எடுத்துரலாம்.”

“அண்ணி, ஒரே புள்ள. அப்பா மூஞ்சியப் பாக்க வேணாமா அவன்?”

“ஓடை ஏறப்போகுது தம்பி. குழிக்குள்ள தண்ணி வந்துரும்.”

“வெயில் பல்லை இளிக்குது, நீங்க வேற...”

“உங்க அண்ணன்கூடப் பொறந்து வளந்தீங்களே, இதுகூடவா தெரியல?” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

இடுகாடு ஓடைக்கரையில் இருந்தது. ஓடை என்பது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் மட்டுமில்லை. இரண்டு பக்க மணலுக்குள்ளும் அதே ஓடை, கண்ணுக்குத் தெரியாமல், ஏறக்குறைய அதே மட்டத்தில் நிற்கிறது. வெளியே ஒரு முழம் ஏறினால், கரையோரம் தோண்டிய குழியில் சற்றுப் பொறுத்து ஒரு முழம் ஊறும். மேலே வெள்ளம் வந்து சேருமுன் அடியிலிருந்து வந்துவிடும். பேக்கரிக்காரரின் தாயை எடுத்துப்போன அன்று அப்படித்தான் ஆனது. எல்லோரும் போய்ச் சேர்ந்தபோது குழி கிணறாக இருந்தது. இறக்கிய பெட்டி மிதந்தது. இரண்டு பேர் கழியால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். பேக்கரிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். திரும்பி வந்து மீட்டர்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “எனக்கு மட்டும் அப்படி ஆயிடக் கூடாதுடி” என்றார், மூன்றாம் நாள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

“நாளைக்குப் பண்ணலாமா அண்ணி? குளிர்பெட்டி வாடகை போனாப் போகுது.”

“நாளைக்கு அந்த மண்ணு இன்னும் ஊறியிருக்கும். ஏறுன தண்ணி மணலை விட்டு இறங்க ஒரு வாரமாகும். இப்ப விட்டா விட்டதுதான்.”

கொழுந்தனார் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். “நீங்க சொன்னா சரி. ஆனா அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவளாக வேலை பார்த்தவள். நேரம் ஆனதும் கவுண்டரின் கதவை இறக்குவாள். வெளியே நிற்பவர்கள் அதைத் தட்டுவார்கள், கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். ரயிலுக்குக் காதில்லை, அதனால் எனக்கும் இருக்கக் கூடாது என்பாள். அதே குரலை வரவழைத்துக்கொண்டுதான் மகனிடம் போனில் பேசினாள்.

“அம்மா, பாதி மரத்தை அறுத்துட்டாங்க. வந்துருவேன்மா.”

“கண்ணா, மேல கொட்டித் தீத்துருச்சு. நர்சரி டப்பா வழிஞ்சிருச்சாம். காலனியில எழுபதாம்.”

மறுமுனையில் ரம்பம் இரைவது கேட்டது. அவனும் அந்த ரெக்ஸின் விரிப்பின் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவன்தான்.

“குழிக்குத் தண்ணி வந்துருமா?”

“வந்துரும்ப்பா.”

ரம்பம் நின்றது. யாரோ ‘தள்ளு, தள்ளு’ என்றார்கள். மறுபடி இரைந்தது.

“அப்ப எடுத்துருங்கம்மா. எனக்காகக் காக்க வேணாம்.”

“போன்ல முகத்தைக் காட்டச் சொல்லவா?”

“வேணாம்மா. போன்ல வேணாம்.”

*

குழி உலர்ந்திருந்தது. “நல்ல வேளை, சுருக்கா வந்துட்டீங்க” என்றார் குழி வெட்டுகிறவர். “பேக்கரியம்மாவுக்கு ஆனதைப் பாத்தவன் நான்.” கொழுந்தனார் அதைக் கேட்டுவிட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்பில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெட்டிய குழியின் பக்கச் சுவரில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிந்தன. பருமணல், அதன்மேல் கூழாங்கல் வரிசை, அதன்மேல் விரலளவு கறுத்த வண்டல், மறுபடி மணல். ஒவ்வொரு பட்டையும் ஒரு பழைய வெள்ளம். வேகமாக வந்தபோது கல்லைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. களைத்துத் தேங்கியபோது வண்டலை இறக்கியிருக்கிறது. அவர் மட்டும் இப்போது மேலே நின்றிருந்தால் குனிந்து, விரலை வைத்து, எல்லோரையும் காக்க வைத்து விளக்கம் சொல்லியிருப்பார். யாராவது ‘மீட்டர்காரரே, நேரமாகுது’ என்று அதட்டியிருப்பார்கள்.

யாரும் அதட்டாமலே, சீக்கிரமாக, எல்லாம் முடிந்தது. மண் மேடானது.

அங்கேயே நின்று அவள் தையல்காரரிடம் சொன்னாள்: “வீட்டுக்குப் போய் மிஷினையெல்லாம் மேல தூக்கி வைங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க.” அவர் துணிமூட்டையைத் தூக்குகிறவர்போலத் தோளைக் குலுக்கிக்கொண்டு ஓடினார். ஓடையின் தாழ்வான வளைவில் இருக்கிறது அவர் தெரு. கொஞ்ச நேரத்தில் அங்கே கட்டில்கள்மேல் பெட்டிகளும், பெட்டிகள்மேல் மெத்தைகளும் ஏறின.

எல்லோரும் போனபின் அவள் வீட்டுக்குப் போகாமல் பழைய பாலத்துக்குப் போனாள். தண்ணீரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பாலத்துத் தூணில் அவர் தன் கையால் தீட்டிய மூன்று கோடுகள். வெள்ளையைத் தொட்டால் கவனம். மஞ்சளைத் தொட்டால் இடுகாட்டு மணலில் ஊற்று. சிவப்பைத் தொட்டால் தையல்காரர் தெருவில் படகு.

பாறைமேட்டுத் தண்ணீர் வந்தது. செம்மண் கரைத்த குழம்பாக, நுரையும் சுள்ளியும் தள்ளிக்கொண்டு வந்து வெள்ளையைத் தொட்டது. காலனித் தண்ணீர் வந்தது. அதில் ஒரு ரப்பர் செருப்பு, தெர்மகோல் துண்டு. வெள்ளைக்கு மேல் ஏறியது. இனி மூன்றாவது. அது வந்து இவற்றின் முதுகில் ஏறினால் மஞ்சள், பிறகு சிவப்பு.

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

செருப்பு பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போனது. சுள்ளிகள் குறைந்தன. கரைப் புல்லில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை கீழே நின்றது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இரண்டு விரற்கடை.

ஏறு, என்றாள்.

வாய்விட்டுச் சொன்னாளோ என்று திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பாலத்தில் ஒருவரும் இல்லை. கீழ்வளைவில் தையல்காரர் வீட்டுக் கூரை தெரிந்தது. அந்தக் கூரைக்குக் கீழே பெஞ்சுமேல் தூக்கி வைத்த மிஷின்கள். அது தெரிந்துதான் அவள் மறுபடி மனதுக்குள் சொன்னாள். ஏறு. மஞ்சள் வரைக்குமாவது ஏறித் தொலை.

தண்ணீர் வெள்ளைக்கோட்டுக்குக் கீழே இறங்கியது.

அப்போதுதான் அவளுக்கு அந்த அடைப்பு நினைவுக்கு வந்தது. போன கோடையில் நர்சரிக்காரரும் டீச்சரும் தையல்காரரும் இன்னும் நாலைந்து பேரும் மீட்டர்காரரோடு சதுப்புக்குப் போய், பழைய நிலக்காரர் வெட்டிய வாய்க்காலை மரக்கட்டையும் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டு வந்தார்கள். “மூணு பேரும் ஒரே நேரத்துல வாசப்படியில நுழையறதுதான் பிரச்சினை. ஒருத்தரைக் கொஞ்சம் காக்க வெச்சுட்டா சரியாயிடும்” என்றார் இருமிக்கொண்டே. அப்போதே இருமல் இருந்தது. இந்த இருமலோடு சேற்றில் போய் நிற்கிறாரே என்ற கோபத்தில் அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிழவர்களின் அணைகட்டி விளையாட்டு என்று சொல்லிவிட்டாள். அதன்பின் சொல்லிக்கொள்ளும்படி மழையே பெய்யவில்லை. அவர் படுத்துவிட்டார்.

அவள் போட்டது பழைய கணக்கு.

சாயங்கால வெளிச்சத்தில் ஒரு வேன் வந்து பாலத்தின் அந்தக் கோடியில் நின்றது. மகன் பையோடு இறங்கினான். சட்டையெல்லாம் மரத்தூள், ரம்பம் பிடித்தவர்களோடு அவனும் கிளை இழுத்திருக்கிறான். அம்மா ஏன் இங்கே நிற்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, குனிந்து தண்ணீரைப் பார்த்தான். பிறகு கரைப் புல்லில் இருந்த ஈரக்கோட்டைப் பார்த்தான்.

“எறங்கிருச்சாம்மா?”

“ம்” என்றாள்.

*

அவன் இடுகாட்டுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தான். குளித்தான். கொழுந்தனார் அவன் எதிரில் உட்கார்ந்து, “உங்க அம்மா இல்லன்னா இன்னைக்கு அண்ணன் தண்ணியில கெடந்திருப்பாரு. நான்கூட நம்பல” என்று ஆரம்பித்தார். அவள் அடுக்களையில் கழுவிய தம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு முடிந்து எல்லோரும் படுத்துவிட்டால் போதும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒருவேளை சொல்லாமலே விட்டுவிடலாம். தண்ணீர் வந்து போனது என்றால் வந்து போனதுதான். யார் போய்க் கேட்கப்போகிறார்கள்?

வாசலில் சத்தம். டீச்சரும் நர்சரிக்காரரும். முழங்கால்வரை சேறு. எழவு வீடு என்று நினைவு வைத்துக்கொண்டு முகத்தை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. டீச்சரின் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“நிக்குதுக்கா” என்றார் நர்சரிக்காரர். “அத்தனையும் நிக்குது! கோரையோட நுனி மட்டும்தான் வெளிய தெரியுது. நீர்க்கோழி ரெண்டு என்னவோ சொந்த வீட்டுக்குக் குடிவந்த மாதிரி நீந்துது.”

“இந்த மழைக்கு ஓடை ஏறவே இல்லையே! பாத்தீங்கல்ல?” என்றாள் டீச்சர். “மஞ்சக் கோட்டுக்குப் பக்கத்துலகூடப் போகல. தையல்காரர் மிஷினைத் தூக்கி வெச்சதுல இடுப்புப் பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். சார் சொன்னது அப்படியே நடந்துருக்கு. இதைப் பாக்க அவர் இல்லையே, அதான்...”

டீச்சர் அழுதாள். நர்சரிக்காரர் அவள் தோளைத் தட்டினார்.

கொழுந்தனார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

மகன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். அடுக்களை வாசலில் தம்ளரோடு நின்ற அம்மாவை அவன் பார்த்தான். நீண்ட நேரம் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது படியைப் பார்ப்போமே, அவ்வளவு நேரம்தான்.

“நனைஞ்சு வந்திருக்காங்கம்மா” என்றான். “குடிக்கச் சூடா ஏதாவது குடு.”

அவர்கள் குடித்தார்கள். சதுப்பைப் பற்றிப் பேசினார்கள். மகன் கேள்விகூடக் கேட்டான்: அடைப்பில் கசிவு இருக்கிறதா, தண்ணீர் கரை மேல் ஏறி வழிகிறதா என்று. போகும்போது வாசல்வரை போய் வழியனுப்பினான். கொழுந்தனார் மாடிக்குப் போய்விட்டார்.

“அந்த அடைப்பை நான் கணக்குல எடுக்கலப்பா” என்றாள் அவள்.

அவன் தரையில் கிடந்த சேற்றுத் தடங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“பாலத்துல கேட்டப்பவே சொல்லியிருக்கணும்.”

ஒரு தடத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தான். நிமிராமலே கேட்டான்.

“அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிட்டீங்களா?”

“சித்தப்பாதான் பண்ணாரு. கை நடுக்கத்துல கன்னத்துல லேசா கீறிருச்சு.”

“எந்தக் கன்னம்?”

“இடது.”

“ரத்தம் வந்துச்சா?”

“வரலப்பா.”

அவன் தலையசைத்தான். துணியைப் பிழிந்து கொடியில் போட்டான். விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டான்.

*

காலையில் அவன் செருப்பைப் போடும் சத்தம் கேட்டு அவளும் எழுந்து வந்தாள். எங்கே என்று கேட்கவில்லை, கூடவே நடந்தாள். அவன் நடையைக் குறைத்துக்கொண்டான். காலனியைத் தாண்டி, நர்சரிச் சரிவில் ஏறி, மறுபக்கம் இறங்கினார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சரிவுக்கு வந்ததில்லை.

சதுப்பு நிறைந்திருந்தது. நேற்றுப் பாலத்தில் பார்த்த செங்குழம்பு இல்லை. அசையாமல் நின்றதால் மண்ணெல்லாம் அடியில் இறங்கி, மேலே தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தது. கோரைத் தண்டுகளில் தட்டான்கள். எங்கே என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் தவளைகள். பழைய வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் அந்த அடைப்பு. குறுக்கே கிடத்திய கட்டைகள், இடுக்குகளில் கல், மேலே மண். அதில் புல் முளைத்து வேர் பிடித்திருந்தது. கரையின் ஒரு தாழ்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விரல் கனத்துக்கு வழிந்து கீழே போய்க்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாள் நிக்கும்?”

“மெதுவாத்தான் போகும்னு சொல்லுவாரு. மழையே மறந்து போனதுக்கு அப்புறமும் கீழ ஓடையில வந்துக்கிட்டே இருக்குமாம்.”

அவன் அடைப்பை ஒட்டி நடந்தான். ஓரிடத்தில் நின்றான். இரண்டு கட்டைகளுக்கு நடுவே மண் கரைந்து, பக்கவாட்டில் நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பெரிய ஓட்டையில்லை. ஆனால் தண்ணீர் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளும். வழி கிடைத்த இடத்தையே அரித்துக்கொண்டு போகும். அவன் செருப்பைக் கழற்றினான். ஊருக்குப் போட்டுக்கொண்டு வந்த நல்ல கால்சட்டையோடு இறங்கி, மண்டியிட்டு உட்கார்ந்தான். கரையிலிருந்து கைநிறைய மண்ணை அள்ளி அந்த இடுக்கில் வைத்து அழுத்தினான். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது. இன்னொரு பிடி வைத்தான்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் குந்தினாள். வேரோடு இருக்கிற மண்ணாகப் பார்த்துப் பெயர்த்து, அவன் பக்கம் நீட்டினாள். அவன் தலையைத் திருப்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, அதை வாங்கி, மெதுவாக வைத்தான்.